கட்டை போடுகிறவள்

ஜீப்புக்குப் பின்னால் ஓடுவதற்கென்றே ஒரு பொம்பளையைக் கல்யாணம் செய்துகொண்டவர் மம்சாபுரத்தில் சிவனாண்டி ஒருத்தர்தான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலியில் பாதி உண்மை. வெள்ளத்தாய் ஓடத்தான் செய்தாள். பேச்சி ஏத்தத்தில் ஜீப் முக்கிக்கொண்டு ஏறும்போது, இடதுபக்கப் பின்சக்கரத்தை ஒட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் கருவேலங்கட்டையோடு அவள் ஓடி வருவாள். வண்டி திணறி நின்ற மறுநொடி கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் வண்டி பின்னால் உருளும். உருண்டால் கீழே ஓடைதான். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அவளுக்குக் கை பிந்தியதில்லை. இதற்கெல்லாம் எவன் மெடல் கொடுக்கப்போகிறான்!

தோப்பு கிடக்கிற இடம் அப்படி. மலையடிவாரத்தில் செக்போஸ்ட்டைத் தாண்டி நாலு மைல் போய், ஒரு மேட்டில் ஏறி, அந்தப் பக்கத்துப் பள்ளத்துக்குள் இறங்கினால் தங்கப்பாண்டியன் குத்தகைக்குப் பிடித்திருந்த மாந்தோப்பு. சப்பட்டையும் பஞ்சவர்ணமுமாக நூற்றைம்பது மரம். போகும்போது வெறும் வண்டி, அலுங்காமல் இறங்கிவிடும். திரும்பும்போது காய்ப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு அதே மேட்டைச் செங்குத்தாக ஏறியாக வேண்டும். அதுதான் பேச்சி ஏத்தம். ஏறி முடிக்கிற இடத்தில், ரெண்டு வண்டி நிற்கிற அளவுக்குச் சமதரை. அங்கே நாவல் மரத்தடியில் பேச்சி இருக்கிறாள். கோயில் என்று ஒன்றுமில்லை. ஒரு நடுகல்லும் ஒரு சூலமும்தான்.

பேச்சிக்குச் சத்தம் ஆகாது. ஏறி வருகிற வண்டி எதுவானாலும் அவள் முன்னால் இஞ்சினை அணைத்துவிட வேண்டும். சூடம் கொளுத்தி, அது எரிந்து முடிகிற வரைக்கும் வாய் திறக்காமல் நின்று, வண்டியின் முகத்தில் திருநீறு பூசி, அதற்குப் பிறகுதான் கிளப்ப வேண்டும். காய் பறிக்க வருகிற பொம்பளைகள் வீட்டிலிருந்து தோப்பு வரைக்கும் ஓயாமல் பேசுகிறவர்கள். அவர்களே அந்த இடத்தில் உதட்டை மடித்துக்கொள்வார்கள். உறுமிக்கொண்டே தாண்டிப்போன ஒரு மரலாரி அடுத்த வளைவில் கவிழ்ந்தது என்று கதை. எந்த வருஷம், எந்த லாரி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

இந்த வருஷம் சித்திரையில் முதல் பறிப்பு அன்றைக்கே தங்கப்பாண்டியன் பேச்சை எடுத்துவிட்டார்.

"இங்கேரு சிவனாண்டி, நான் சொல்லுதது ஒனக்கு வருத்தமாத்தான் இருக்கும். ஒன் வண்டி பதினஞ்சு பெட்டிக்கு மேல தாங்க மாட்டேங்கு. மிச்சக் காயி மரத்தடியிலயே கெடந்தா விடியக்காலம் ஆனை வந்து மிதிச்சுக் கூழாக்கிட்டுப் போயிருது. செட்டியார்பட்டி பாண்டிதுரை புது பிக்கப்பு எடுத்திருக்கான். முப்பது பெட்டி அள்ளுதேங்கான். நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

"இத்தன வருசமா நான்தான மொதலாளி எறக்குனேன்."

"நான் இல்லைங்கலையே. இருபத்தஞ்சு பெட்டி ஏத்திக் காட்டு, இந்த வருசமும் ஒனக்குத்தான். ஒன்ன விட எனக்கும் மனசில்லப்பா. காயிக்குத் தெரியுமா ஒம் மனசும் எம் மனசும்?"

சிவனாண்டி ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பதினேழு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பனிமலை ரோட்டில் சரக்கு ஏற்றிப் போய், ஒரு கீறல் இல்லாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தவர் என்று சர்டிபிகேட்டில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஜீப் முப்பது வருஷத்துக்கு முந்தியது. ஏதோ ஓர் இலாகாவில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்தது. நாலு சக்கரமும் இழுக்கும்தான்; இழுக்க உள்ளே தெம்பு வேண்டுமே!

அன்று சாயங்காலம் வெள்ளத்தாய் மாங்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தெருவே மணத்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"என்ன, உப்பு கூடிப்போச்சா?"

"இல்ல. மலைச்சாமி போன் பண்ணுனான்."

மலைச்சாமி அவரோடு பட்டாளத்தில் இருந்தவன். கோயம்புத்தூரில், எக்ஸ் சர்வீஸ்காரர்களை வாட்ச்மேன் வேலைக்குச் சேர்த்துவிடுகிற ஏஜென்சியில் இருக்கிறான்.

"என்னங்காக?"

"பெரிய அபார்ட்மெண்டாம். கேட்டுல நிக்கணும். உடுப்பு குடுத்துருவான், தங்க எடமும் குடுத்துருவான். வருசத்துக்கு ரெண்டு தடவ லீவாம்."

வெள்ளத்தாய் பரணை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் லீவுக்கு வந்துபோன புருஷனோடு குடும்பம் நடத்தியவள் அவள். மூன்று வயசில் யோகேஸ்வரி அவரை 'மாமா' என்று கூப்பிட்டாள். 'இந்த மாமா எப்பம்மா ஊருக்குப் போவாக?' என்று அவர் காதுபடவே கேட்டாள். அவர் முற்றத்துக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்ததை இவள் பார்த்தாள். பட்டாளத்தை விட்டு வந்த அன்றைக்கு, டிரங்குப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, "இனி இதை எறக்க மாட்டேன் வெள்ளே" என்று சொன்னார். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் ஜீப்புக்குப் பின்னால் ஓடுகிறாள். பென்ஷன் ரெண்டு வயிற்றுக்குக் காணும். யோகேஸ்வரி மதுரையில் நர்சிங் சேர்ந்துவிட்டாளே, அதற்கு ஜீப் ஓடித்தான் ஆக வேண்டும்.

"பத்து பெட்டி கூட ஏறணும், அம்புட்டுத்தான?" என்றாள். "அதுக்கு வழியப் பாப்போம். மலைச்சாமி அண்ணன செத்த பேசாம இருக்கச் சொல்லுங்க."

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில், ஒரு லேத்துப் பட்டறைக்குப் பக்கத்தில் சமுத்திரத்தின் ஒர்க்‌ஷாப். ஜீப்பென்றால் அந்த வட்டாரத்தில் அவனைத்தான் சொல்வார்கள். குனிந்து இஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"இஞ்சின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. அதோட வயசுக்கு இம்புட்டுத்தான் இழுக்கும். இதுக்கு மேல வேணும்னா டீசலும் கூடப் போகணும், காத்தும் கூடப் போகணும். டீசலுக்குப் பம்புல ஒரு ஸ்குரு இருக்கு, திருகிவிட்டாப் போதும். வெறும் டீசல மட்டும் கூட்டுனா கரும்பொகையாத் தள்ளும், சூடேறிரும். காத்துக்கு டர்போ வேணும்."

"இந்த மாடலுக்கு டர்போ கெடையாதே தம்பி."

"கெடையாதுன்னா வச்சிருவோம். ஆலங்குளத்துப் பக்கம் கல்லு ஏத்தி ஓடி அடிபட்ட வண்டி ஒண்ணோட டர்போ எங்கிட்ட கெடக்கு. அத இஞ்சினோட மாட்டுத தட்டு மட்டும் லேத்துல கடஞ்சுக்கிடணும்." அவன் மூலையிலிருந்து நத்தைக்கூடு மாதிரி ஓர் இரும்புச் சாமானை எடுத்துவந்து வெள்ளத்தாயின் முன்னால் வைத்தான். "பாருங்க மதினி. வெளிய போற பொக இந்தக் காத்தாடியச் சுத்தும். இது சுத்துனா அந்தப் பக்கத்துக் காத்தாடியும் சுத்தி, காத்த இஞ்சினுக்குள்ள அமுக்கும். நிமிசத்துக்கு லட்சம் சுத்து."

"ஆத்தாடி! லட்சமா?"

"லட்சம். ரெண்டு காத்தாடிக்கும் நடுவுல இருக்க தண்டு ஆயில்லதான் மெதந்துக்கிட்டிருக்கு. இஞ்சின் ஓடுனாத்தான் அதுக்கு ஆயில் வரும். மேடேறுன சூட்டுல படக்குன்னு ஆஃப் பண்ணிட்டா, காத்தாடி சுத்திக்கிட்டே இருக்கும், ஆயில் நின்னுபோகும். உள்ள இருக்கது கருகிப் பிடிச்சிரும். அதனால ஏறி முடிச்ச ஒடனே ரெண்டு நிமிசம் சும்மா ஓட விடணும். பொறவுதான் ஆஃப் பண்ணணும். மறந்துராதீக அண்ணாச்சி, கையெடுத்துக் கும்பிடுதேன்."

"நீ சொன்னா எனக்கு அது ஆர்டரு தம்பி," என்றார் சிவனாண்டி.

லேத்துக்கார ராஜு பெரியவர், கடைசல் நடக்கும்போது தன் ஆளைப் பார்த்துத் தெலுங்கில் "மெல்லகா, மெல்லகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை ஒன்பது நாள் நடந்தது. அந்த ஒன்பது நாளும் வெள்ளத்தாய் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். சமுத்திரத்துக்கும் சேர்த்தேதான் கொண்டுவந்தாள். வேலை செய்கிற கைக்கு ருசியாகச் சாப்பாடு போட்டால் வேலை சுத்தமாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் லோடு இருபத்தைந்து பெட்டி. மேலே நாலு பொம்பளைகள். சிவனாண்டி ஏத்தத்தின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஏறி முன்னால உக்காருட்டி."

"அதெல்லாம் வேண்டாம். நீங்க எடுங்க, நான் வாரேன்." வெள்ளத்தாய் கட்டையோடு பின்சக்கரத்துப் பக்கம் போய் நின்றாள்.

ஜீப் ஒரு மாதிரி விசிலடித்தது. அதுவரைக்கும் அவள் கேட்காத சத்தம். பிறகு கிளம்பியது பாருங்கள்! அவளும் ஓடினாள். வழக்கமாகத் திணறி நிற்கிற முதல் பாறையைத் தாண்டியது, அடுத்த திருப்பத்தைத் தாண்டியது, நிற்கவே இல்லை. அவள்தான் நின்றாள். கட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, தன்னை விட்டுவிட்டு மேலே போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்த பொம்பளைகள், "ஏட்டி வெள்ளத்தாயி, மெதுவா வாட்டி! நாங்க போயிச் சூடம் கொளுத்தி வைக்கோம்!" என்று கத்திச் சிரித்தார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது சிவனாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ஆனால் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சியின் முகத்துக்கு நேராக, கடகடவென்று.

"ஆஃப் பண்ணுங்க," என்று வாயசைத்தாள்.

அவர் ரெண்டு விரலைக் காட்டினார். ரெண்டு நிமிஷம்.

அந்த ரெண்டு நிமிஷமும் வெள்ளத்தாய் கல்லைப் பார்க்கவில்லை. மேலே இருந்த பொம்பளைகளும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் குமிழை இழுத்து இஞ்சினை அணைத்தார். சூடம் ஏற்றிக் கும்பிட்டுக் கிளம்பினார்கள்.

இருபது நாள் நல்ல நாள். அடுத்த லோடிலிருந்து வெள்ளத்தாயும் முன்னால் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஏறினாள். கட்டை காலடியில் சும்மா கிடந்தது. தங்கப்பாண்டியன், "மிலிட்டரி, ஒன் வண்டிக்குக் கொம்பு மொளச்சிருச்சுப்பா," என்று முதுகில் தட்டினார். பாண்டிதுரையின் பிக்கப் வேறு தோப்புக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஜீப்பை வாசலில் நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவுகிற அளவுக்குச் சிவனாண்டிக்குத் தெம்பு வந்துவிட்டது. மலைச்சாமி மறுபடி போன் செய்தான். "வேற ஆளப் பாத்துக்கோ மாப்ள" என்றார். அடுப்படியில் இருந்த வெள்ளத்தாய் அதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காதவள் மாதிரி வெங்காயம் உரித்தாள்.

வைகாசி கடைசியில் பாண்டீஸ்வரி மரத்திலிருந்து விழுந்தாள். பறிக்க வருகிறவர்களில் சின்னவள் அவள்தான். உயரமான கிளைகூட இல்லை, கால் வழுக்கிவிட்டது. மணிக்கட்டு முறிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் மரத்தடியில் யாருக்கும் கஞ்சி இறங்கவில்லை.

"நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிடக் கூடாது வெள்ளத்தாயி," என்று சுடலைமாடத்தி ஆரம்பித்தாள். பறிப்புக்காரிகளில் மூத்தவள், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். "முப்பது வருசமா இந்தத் தோப்புக்கு வாரேன். ஒருத்தி விழுந்ததில்ல. அவ மொகத்துக்கு நேரா இப்பிடி உறுமிக்கிட்டு நின்னா அவளும் எம்புட்டு நாளைக்குத்தான் பொறுப்பா?"

"மெக்கானிக்கு சொல்லியிருக்காக அக்கா. ரெண்டு நிமிசம்தான்."

"மெக்கானிக்கா வந்து காப்பாத்தப் போறான்? இன்னைக்கு அந்தப் பிள்ள கை. நாளைக்கு ஒம் புருசன்தான் அந்த வளைவுல வண்டிய ஓட்டணும், பாத்துக்கோ."

அந்தக் கடைசிச் சொல் வெள்ளத்தாயின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு லோடு ஏற்றி முடித்ததும் அவள் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மேல போன ஒடனே ஆஃப் பண்ணிருங்க."

"ஏட்டி, சமுத்திரம் சொன்னதக் கேட்டதான நீயும்?"

"கேட்டேன். அப்ப கீழயே எங்கயாச்சும் ரெண்டு நிமிசம் ஓட விட்டுட்டு, பொறவு பேச்சிகிட்ட போவோம்."

"கீழ எங்கிட்டு நிறுத்த? பூராம் செங்குத்து. நிறுத்துனா மறுபடி எடுக்கதுக்கு அதே சூடுதான்."

"அப்பன்னா அந்தச் சத்தம் வேண்டாம். என்னால முடியலங்க. ஒவ்வொரு நாளும் அந்த ரெண்டு நிமிசம் எனக்கு உசுரு போயி உசுரு வருது. வண்டிக்கு என்னமும் ஆனா ஆகட்டும். ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன செய்வேன்?" அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக. ஒங்களக் கும்பிடுதேன்."

சிவனாண்டி பட்டாளத்தில் ஆர்டரை மீறாத மனுஷன். இவள் பதின்மூன்று வருஷமாக ஒன்றும் கேட்காமல் இருந்தவள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"சரி வெள்ளே," என்றார்.

மேலே போனதும் குமிழை இழுத்தார். படக்கென்று இஞ்சின் அடங்கியது. காடு மொத்தமும் அமைதியானது. அணைந்த இஞ்சினுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுத் தேய்ந்தது. சூடம் எரிந்தது. வெள்ளத்தாய் அன்றுதான் பல நாளைக்குப் பிறகு பேச்சியை முகம் பார்த்துக் கும்பிட்டாள். அவளுக்கு எவ்வளவு நிம்மதி! பாவி மகளுக்கு அந்த விசில் என்னவென்று அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நாளைக்கு மூன்று லோடு, மூன்று தடவை. ஆனி பிறந்து சாரல் விழுந்தது. மலை பாதி நாள் மேகத்துக்குள் கிடந்தது. மண்பாதை வழுக்கினாலும் ஜீப் ஏறியது. ஆனால் வண்டிக்குப் பின்னால் நீலமாக ஒரு புகை வர ஆரம்பித்தது. சிவனாண்டி ரெண்டு நாளைக்கொரு தடவை ஆயில் டப்பாவைத் திறந்து ஊற்றினார்.

"ஏன் இம்புட்டு ஆயில் குடிக்கு?" என்று கேட்டாள்.

"பழைய வண்டில்லா. பறிப்பு முடியட்டும், சமுத்திரத்துகிட்ட விட்டுருவோம்."

அவர் அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதே தெரிந்திருக்கிறது.

பறிப்பு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றைக்கு ரெண்டாவது லோடு. விசில் சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஏறியது. கடைசித் திருப்பத்தில் சிவனாண்டி காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. சமதரைக்கு வந்து பிரேக்கை மிதித்து நிறுத்தி, நியூட்ரலுக்குத் தள்ளிக் குமிழை இழுத்தார். இஞ்சின் அணையவில்லை. சத்தம் கூடியது. மறுபடி இழுத்தார். குமிழ் கம்பியோடு அவர் கைக்கு வந்துவிட்டது.

"எறங்குங்க! எல்லாரும் எறங்கி அங்கிட்டு ஓடுங்க!"

பொம்பளைகள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு குதித்தார்கள். சாவியை அணைத்தாகிவிட்டது. காலும் எதையும் மிதிக்கவில்லை. இஞ்சின் தன்னால் கத்தியது. இத்தனை வருஷமாக அந்த இஞ்சின் அப்படி ஒரு பலத்தோடு ஓடியதே இல்லை. ஜீப் முழுக்க நடுங்கியது. வெள்ளையும் நீலமுமாகக் கிளம்பிய புகையில் நாவல் மரமே மறைந்துபோனது. பேச்சியும் மறைந்துபோனாள்.

சிவனாண்டி இஞ்சினைத் திணறடித்து நிறுத்த டாப் கியரைப் போட்டு, பிரேக்கின்மேல் ஏறி நின்று கிளட்சை விட்டுப் பார்த்தார். வண்டி ஒரு குதி குதித்தது. கிளட்ச் பிளேட் கருகி நாறியது. இஞ்சின் அடங்கவில்லை. அவர் பானெட்டைத் தூக்கினார். "சாக்கு! நனச்ச சாக்கு குடு!" என்று கத்தினார். வெள்ளத்தாய் குடத்துத் தண்ணீரைச் சாக்கில் கவிழ்த்து ஓடிவந்து கொடுத்தாள். காற்று போகிற வாயில் அதைத் திணித்து ரெண்டு கையாலும் அமுக்கினார். ஆனால் ரப்பர்க் குழாய் சூட்டில் பிளந்துபோயிருந்தது. இஞ்சின் அந்தப் பிளவு வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. அவர் அந்தப் பிளவையும் வெறுங்கையால் மூடப் போய், சுட்டுக்கொண்டு, கையை உதறினார்.

"விட்டுருங்க! வெளிய வாங்க! வந்துருங்க!" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வெள்ளத்தாய்க்கு வேறென்ன தெரியும்? வண்டிக்கு ஆபத்தென்றால் செய்வதற்கு அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். முன்சீட்டின் காலடியில் கிடந்த கட்டையை இழுத்துக்கொண்டு ஓடி, இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தாள். வண்டி எங்கேயும் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. அவள் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். சிவனாண்டி வந்து அவளைத் தோளோடு சேர்த்துத் தூக்கி இழுத்துக்கொண்டு போனார்.

பத்தடி தள்ளி நின்று ரெண்டு பேரும் பார்த்தார்கள். பார்ப்பதைத் தவிர ஒன்றுமில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு உள்ளே டமாரென்று வெடித்தது. ஒரு இரும்புத் தண்டு இஞ்சினின் விலாவை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. கறுப்பு ஆயில் கொட்டி, சாரல் தண்ணீரோடு சேர்ந்து, பேச்சியின் கல்லைப் பார்த்து ஓடியது.

அதன்பின் சத்தமே இல்லை. பொம்பளைகள் பழக்கத்தில் உதட்டை மடித்துக்கொண்டு நின்றார்கள். சூடம் கொளுத்த யாருக்கும் தோன்றவில்லை.

டிராக்டர் வைத்து இழுத்துக்கொண்டுபோய் ராஜபாளையத்தில் சேர்த்தார்கள். மறுநாள் சமுத்திரம் டர்போவைக் கழற்றி, ஒரு பேப்பரை விரித்து அதன்மேல் வைத்தான். தண்டு முழுக்க, அடிபிடித்த பால்சட்டி மாதிரி கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. தீப்பெட்டிக் குச்சியால் அதைச் சுரண்டிப் பார்த்தான்.

"ஆயில் கருகிப் பிடிச்சிருக்கு. ஆயில அடச்சு வச்சிருக்க சீலு தேஞ்சுபோச்சு. அதுவழியா இஞ்சின் ஆயிலே காத்துப் பைப்புக்குள்ள போயி, தன் ஆயிலத் தானே டீசலாக் குடிச்சு ஓடியிருக்கு. அப்புறம் சாவியத் திருப்புனா எப்பிடி நிக்கும்?" அவன் நிமிர்ந்து சிவனாண்டியைப் பார்த்தான். "அண்ணாச்சி, நெசத்தச் சொல்லுங்க. மேடேறுன ஒடனே ஆஃப் பண்ணுனீகளா?"

வெள்ளத்தாய் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி பட்டறைத் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தாள்.

"ஆமா தம்பி. மறந்துட்டேன்," என்றார் சிவனாண்டி.

"ஒரு நாளா?"

"தெனமும்தான்."

"தெனமும் மறந்தீகளா! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. பட்டாளத்துல பதினேழு வருசம் வண்டி ஓட்டுன ஆளு, இதக்கூட மனசுல வைக்க மாட்டீகளா? நேத்து லைசென்சு எடுத்த பய செய்ய மாட்டானே இந்த வேலைய!"

லேத்துக்காரப் பெரியவர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். சிவனாண்டி தலையைக் குனிந்துகொண்டு, சுட்டுக்கொண்ட கையின் கட்டுத்துணியைத் தடவியபடி, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "வயசாயிட்டுதுல்லா தம்பி, ஞாபகம் நிக்க மாட்டேங்கு" என்றார். நாற்பத்து மூன்று வயசு மனுஷனுக்கு ஞாபகம் நிற்கவில்லையாம்.

வெள்ளத்தாய் திறந்த வாயைத் திறந்தபடியே நின்றாள். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

வேறு இஞ்சின் பார்க்கலாம் என்று சமுத்திரம் சொன்னான். அவர்களால் ஆகிற காரியமா அது? பாண்டிதுரையின் பிக்கப் மறுநாளே தோப்புக்குள் இறங்கிவிட்டது. பாவம், தங்கப்பாண்டியனும் வீடு தேடி வந்து உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனார். அந்த வாரக் கடைசியில் சிவனாண்டி நாற்காலியைப் போட்டு ஏறி, பரண்மேலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார். வெள்ளத்தாய் ஈரத்துணியால் அதைத் துடைத்துக் கொடுத்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ் கிளம்ப நேரம் இருந்தது. டிரைவர் இஞ்சினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். சிவனாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெள்ளத்தாய் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பத்து நாளாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள்.

"நான்தான சொன்னேன் ஆஃப் பண்ணச் சொல்லி. அன்னைக்கு எதுக்குப் பொய் சொன்னீக?"

"வண்டி ஓட்டுனவன் நானு."

"நான் சொல்லாட்டி நீங்க ஆஃப் பண்ணியிருக்க மாட்டீகல்லா?"

அவர் கம்பிமேல் இருந்த அவள் விரல்களின்மேல் தன் கையை வைத்தார். தீப்புண் ஆறித் தோல் உரிந்த கை. "வெயில்ல நிக்காத. யோகேஸ்வரி வந்தா ரெண்டு பேரும் சேந்து போன் பண்ணுங்க. தீவாளிக்கு வந்துருவேன்," என்றார். முன்பும் அப்படித்தான் சொல்வார். அப்போதெல்லாம் அது பொங்கலாக இருக்கும், அல்லது கோயில் கொடையாக இருக்கும்.

டிரைவர் ஏறினார். இஞ்சின் உறுமியது. கம்பியை விட்டுவிட்டு அவள் விலகினாள். சனம் நின்றிருந்த பக்கம் போகாமல் பஸ்ஸின் ஓரமாகவே நடந்து, இடதுபக்கப் பின்சக்கரத்தை ஒட்டிப் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். வலதுகை பக்கத்தில் எதையோ தேடியது.

"யம்மா, டயருக்குப் பின்னால என்ன செய்யுதீக? தள்ளுங்க, தள்ளுங்க!" என்று கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினான்.

"ஒண்ணுமில்ல தம்பி," என்றாள் வெள்ளத்தாய். "நீங்க போங்க."

சக்கரம் முன்பக்கமாக உருண்டது. அவளும் கூடவே நாலெட்டு ஓடினாள். பஸ் எங்கேயும் திணறவில்லை. வாசலில் ஒரு ஹாரன் கொடுத்துவிட்டு மதுரை ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.